ஆபரேஷன் தியேட்டர் வாசலிலிருந்து தரவுக் கோப்பு வரை: புற்றுநோய் மரபணு வெளிப்பாட்டு ஆய்வில் புதிதாக இறங்குபவர்களுக்கு

வாய்ப்புற்றுநோய்க் கட்டிகளில் எந்த மரபணுக்கள் அதிகம் வேலை செய்கின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்று பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. எங்கள் ஆய்வகத்தில் இதற்கு முன் யாரும் இதைச் செய்ததில்லை. ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்த மாதிரி சேகரிப்பு ஒன்றரை வருடம் இழுத்தது. முதலில் எடுத்த பதினோரு மாதிரிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. இத்தனைக்கும் சோதனைக்கூட வேலை கடினமாக இருக்கவில்லை. காகிதத்திலும் அறுவை அரங்க வாசலிலும்தான் எல்லாம் கோட்டைவிட்டேன். கல்லூரி அல்லது பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்துகொண்டு, பக்கத்து மருத்துவமனையிலிருந்து திசு வாங்கி ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"புற்றுநோயில் மரபணு வெளிப்பாடு" என்பது கேள்வி அல்ல, தலைப்பு. "புகையிலை மெல்லும் நோயாளிகளின் உள்கன்னக் கட்டியில், அதே நோயாளியின் இயல்புத் திசுவைவிட எந்த மரபணுக்களின் ஆர்என்ஏ கூடியிருக்கிறது?" என்பதுதான் கேள்வி. (மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகல்தான் ஆர்என்ஏ.) எந்த உறுப்பு, எந்த நோயாளி, எதோடு ஒப்பீடு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இந்த ஒரு வரிதான் பின்னால், மனிதர்கள் தொடர்பான ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு விண்ணப்பத்துக்கும், ஒப்புதல் படிவத்துக்கும், புள்ளியியல் சூத்திரத்துக்கும் போகும். நடுவில் மாற்றினால் மூன்றையும் மாற்ற வேண்டும்.

2. திசுவைத் தொடும் முன் இலவசத் தரவைப் பாருங்கள்

இதை நான் தாமதமாகச் செய்தேன். முதலில் செய்திருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

அமெரிக்காவின் டிசிஜிஏ என்ற புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டத்தில் 33 வகைப் புற்றுநோய்களின் மரபணு வெளிப்பாட்டுத் தரவு ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தரவை வைத்திருக்கும் ஜிடிசி தளத்தில் போய், எந்த மரபணுவின் ஆர்என்ஏ துண்டுகள் எத்தனை என்று சொல்லும் எண்ணிக்கைக் கோப்புகளை அப்படியே இறக்கலாம். விண்ணப்பம் கிடையாது, கட்டணம் கிடையாது. கணினி நிரல் எழுதத் தெரியாது என்றால் ஜெப்பியா2, யுஆல்கேன், சிபயோபோர்ட்டல் ஆகிய இணையதளங்களில் மரபணுவின் பெயரைத் தட்டினாலே வரைபடம் வந்துவிடும். புள்ளியியலுக்கான ஆர் என்ற கணினி மொழி ஓரளவு தெரிந்தவர்களுக்கு டிசிஜிஏபயோலிங்க்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. இது தவிர, உலகெங்கும் வெளியான ஆய்வுகளின் தரவு என்சிபிஐ என்ற அமெரிக்க அரசு உயிரியல் தகவல் மையத்தின் ஜியோ களஞ்சியத்தில் கிடக்கிறது.

சிக்கல் எங்கே வரும் என்றால், மூல வரிசைக் கோப்பு வேண்டும் என்று கேட்கும்போது. அது கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் தரவு. டிபிகேப் என்ற அமெரிக்க அரசின் தரவுக் களஞ்சியம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் நிறுவனத்தில் நிரந்தரப் பணியில் இருக்கும் பேராசிரியர் அல்லது மூத்த விஞ்ஞானி நிலையில் இருக்க வேண்டும். மாணவர்களும் போஸ்ட்டாக்குகளும் தங்கள் பெயரில் கேட்க முடியாது. உங்கள் கைடுதான் கேட்க வேண்டும், நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரியும் வேண்டும். பெரும்பாலான கேள்விகளுக்கு எண்ணிக்கைக் கோப்பே போதும். தேவையில்லாமல் இந்த வழியில் போகாதீர்கள்.

இறக்கிய கோப்பில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்:

மாதிரியின் பார்கோடில் நான்காவது பகுதியைப் பாருங்கள். 01 என்றால் முதன்மைக் கட்டி, 06 என்றால் பரவிய கட்டி, 11 என்றால் இயல்புத் திசு. இதைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் "கட்டி" என்று போட்டுக் கணக்கிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு எண்ணிக்கைக் கோப்பின் தலையிலும் மரபணுவே அல்லாத நான்கு வரிகள் இருக்கும். எங்கும் பொருந்தாதவை, பல இடங்களில் பொருந்தியவை என்று கணக்குச் சொல்லும் வரிகள் அவை. அவற்றை நீக்காவிட்டால் "பொருந்தாதவை" என்பதே உங்கள் புதிய புற்றுநோய் மரபணுவாக வந்து நிற்கும்.

தலை கழுத்துப் புற்றுநோய்த் தொகுப்பில் வாய் மட்டும் இல்லை, குரல்வளை, தொண்டை எல்லாம் கலந்திருக்கின்றன. தொண்டைக் கட்டிகளில் பலவும் ஹெச்பிவி வைரஸால் வந்தவை. அவற்றின் மரபணு வெளிப்பாடே வேறு மாதிரி இருக்கும். உறுப்புவாரியாக வடிகட்டுங்கள். வடிகட்டியதும் நமக்கு முக்கியமான உள்கன்னக் கட்டிகள் மிகக் கொஞ்சமே மிஞ்சும். 500க்கும் மேற்பட்ட கட்டிகள் உள்ள அந்தத் தொகுப்பில் இயல்புத் திசு 44 மட்டுமே. இந்த இடைவெளியைத்தான் நான் என் ஆய்வுக்கான நியாயமாக எழுதினேன், நெறிமுறைக் குழு அந்த நியாயத்தை உடனே ஏற்றுக்கொண்டது.

3. எத்தனை மாதிரி, எவ்வளவு பணம்

மூன்று கட்டி, மூன்று இயல்பு என்று திட்டம் போடுவது நம் ஊர்ப் பழக்கம். எலியில் அல்லது ஆய்வகத்தில் வளர்க்கும் செல் லைனில் அது ஓரளவு ஓடும். மனிதக் கட்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை, மூன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே நோயாளியின் கட்டியும் இயல்புத் திசுவும் ஜோடியாக இருந்தால் குறைந்த எண்ணிக்கையிலும் தெளிவு கிடைக்கும். நான் 12 ஜோடி வைத்தேன்.

எங்களுக்கு வந்த கொட்டேஷன்களில் ஆர்என்ஏ சீக்வென்சிங் (ஆர்என்ஏவின் எழுத்து வரிசையைப் படித்தல்) மாதிரி ஒன்றுக்குப் பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. 24 மாதிரிக்கு 3,60,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 64,800. ஆக 4,24,800. இந்த ஜிஎஸ்டியை பட்ஜெட்டில் போட மறந்ததால் நான்கு மாதிரிகளைக் கைவிட வேண்டிய நிலைக்கு வந்தோம், கைடுதான் வேறு செலவுத் தலைப்பிலிருந்து எப்படியோ சமாளித்தார். கொட்டேஷன் கேட்கும்போதே "வரி உட்பட" என்று எழுதிக் கேளுங்கள். அதன் செல்லுபடிக் காலத்தையும் பாருங்கள். நெறிமுறை அனுமதி வந்து, திசு சேர்ந்து, ஆர்டர் போடும் நாளில் பழைய விலை இருக்காது.

ஆர்என்ஏ பிரிக்கும் கிட், திசு பாதுகாப்புத் திரவம், ஆர்என்ஏவை அழிக்கும் நொதி படியாத பிப்பெட் முனைகளும் குழாய்களும், டிரை ஐஸ், கூரியர், கடைசியில் ஒவ்வொரு மரபணுவாக அளந்து சரிபார்க்கும் க்யூபிசிஆர் என்று தனிச் செலவுகளும் இருக்கின்றன. 12 ஜோடி தேற வேண்டும் என்றால் 20 நோயாளிகளிடம் எடுக்கத் திட்டமிடுங்கள்.

4. நெறிமுறைக் குழு

இதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். குழு மாதம் ஒருமுறை கூடும் என்று அறிவிப்பில் இருக்கும். கோரம், அதாவது தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள், சேராவிட்டால் அடுத்த மாதம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டு நெறிகளின்படி குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும், அதில் மருத்துவம் சாராதவர்களும் இருக்க வேண்டும். எனக்கு ஒரு மாதம் இப்படித்தான் போனது.

முதலில், எந்தக் குழு? திசு மருத்துவமனையிலிருந்து வருகிறது என்றால் மருத்துவமனையின் குழு அனுமதி கட்டாயம். உங்கள் பல்கலைக்கழகக் குழுவும் தனியாகக் கேட்கலாம். இரண்டுக்கும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். ஒன்று முடிந்து இன்னொன்று என்று காத்திருக்க வேண்டாம். குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆய்விதழ் பதிவு எண்ணைக் கேட்டால் அப்போது தேட வேண்டியிருக்காது.

என்னிடம் கேட்ட ஆவணங்கள் இவை: ஆய்வுத் திட்டம், நோயாளிக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும், தமிழ்ப் படிவத்தை வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கிய பிரதி, எல்லா ஆய்வாளர்களின் தன்விவரக் குறிப்பு, நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சிச் சான்றிதழ், பட்ஜெட், நிதி எங்கிருந்து வருகிறது என்ற கடிதம், அறுவைச் சிகிச்சைத் துறையும் நோயியல் துறையும் தரும் சம்மதக் கடிதங்கள், இரு நிறுவனங்களுக்கும் இடையே திசு மாற்ற ஒப்பந்தம். கடைசியில் சொன்ன ஒப்பந்தம்தான் ஆமை. சட்டப் பிரிவு, பதிவாளர், மருத்துவமனை டீன் என்று மூன்று மேசை ஏறி இறங்கும். விண்ணப்பம் எழுதத் தொடங்கும் நாளிலேயே இதை அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டுக் கூட்டாளியோ வெளிநாட்டு நிதியோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக் குழு அனுமதியும் தேவைப்படும், அது தனிக் கதை. முதல் ஆய்வில் அதற்குள் போகாதீர்கள்.

மிக முக்கியமானது: திசுவைச் சோதித்து நோயைச் சொல்லும் நோயியல் மருத்துவர் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அறுவை மருத்துவரை மட்டும் சேர்த்திருந்தேன். ஏன் இது தவறு என்று ஆறாவது படியில் புரியும்.

புதுத் திசு கிடைக்கவே வழியில்லை என்றால் சென்னை ஐஐடியில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. அங்கே விண்ணப்பிக்கவும் உங்கள் நெறிமுறை அனுமதி வேண்டும்.

5. ஒப்புதல் படிவம்

என் முதல் தமிழ்ப் படிவத்தில் "மரபணுப் படியெடுப்புத் தொகுப்பியல்" என்று ஒரு சொல் இருந்தது. குழுவில் இருந்த சமூகப் பணியாளர் அம்மா அதை உரக்கப் படித்துவிட்டு, "தம்பி, இது யாருக்கு?" என்று கேட்டார். திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது முறை இப்படி எழுதினேன்: "ஆபரேஷனில் வெளியே எடுக்கும் கட்டியிலிருந்து, பரிசோதனைக்குப் போனது போக மீதியில் ஒரு சிறு துண்டை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா? இதற்காகத் தனியாக எதையும் வெட்ட மாட்டார்கள். மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது."

வார்டில் எல்லோரும் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். "இதுக்குக் காசு கட்டணுமா?" "ரிசல்ட்ட எங்களுக்குச் சொல்வீங்களா?" இரண்டுக்கும் பதில் படிவத்திலேயே இருக்கட்டும்.

அறுவைக்கு முந்தைய நாள் மாலை வார்டில் போய், வீட்டார் இருக்கும்போது பேசுங்கள். தள்ளுவண்டியில் தியேட்டருக்குப் போகிறவரிடம் கையெழுத்து வாங்குவது ஒப்புதலே அல்ல. படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வில் தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி உடனிருந்து கையெழுத்திட வேண்டும். வார்டு நர்ஸைச் சாட்சியாகப் போடலாமா என்று உங்கள் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குழு கூடாது என்றது.

புகையிலை, வெற்றிலைப் பாக்கு, மது, முன்பு எடுத்த கீமோ அல்லது கதிர்வீச்சு, நோயின் நிலை இவற்றை அன்றே தாளில் குறித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேஸ் ஷீட்டைத் தேடினால் கிடைக்காது.

6. தியேட்டர் வாசலில்

இங்கேதான் என் பதினோரு மாதிரிகள் போயின.

ஆர்என்ஏ என்பது வெயிலில் வைத்த பால் மாதிரி. கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை மருத்துவர் கட்டிய நிமிடத்திலிருந்தே மரபணு வெளிப்பாடு மாறத் தொடங்குகிறது. ஆக்சிஜன் இல்லாத தவிப்பில் செல் சில மரபணுக்களைக் கூட்டுகிறது, சிலவற்றைக் குறைக்கிறது. வெளியே வந்தபிறகு செல்லுக்குள் இருக்கும் நொதிகள் ஆர்என்ஏவைத் தின்கின்றன. நான் கட்டி வெளியே வரும் என்று வாசலில் நின்றிருப்பேன். உள்ளே அதை ஒரு தட்டில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கையில் வரும். சில நேரம் ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஃபார்மலினில் போட்டே வரும். யாரையும் குறைசொல்ல முடியாது, அவர்கள் வேலை நோயாளியைக் காப்பாற்றுவது.

தீர்வு தியேட்டர் சிஸ்டர்தான். மருத்துவரிடம் மட்டும் பேசிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். திசு பாதுகாப்புத் திரவம் நிரப்பிய, பெயர் ஒட்டிய குழாயை முந்தைய நாளே சிஸ்டரிடம் காட்டி, கட்டி வந்ததும் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். வெளியே வந்து அரை மணிக்குள் திசு திரவத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு நேரங்களைக் குறியுங்கள்: வெளியே வந்த நேரம், திரவத்தில் விழுந்த நேரம்.

வெட்டுவது யார்? நோயியல் மருத்துவர் அல்லது அவர் காட்டிய இடத்தில் அவர் அனுமதியோடு வெட்டும் ஒருவர். கட்டியின் ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதை வைத்துத்தான் அடுத்த சிகிச்சையே முடிவாகும். நீங்கள் அந்த ஓரத்தில் கத்தி வைத்தால் அந்த நோயாளிக்கே கேடு. ஒருமுறை நான் கிட்டத்தட்ட அதைச் செய்திருப்பேன். நோயியல் துறையின் உதவிப் பேராசிரியர் கையைப் பிடித்து நிறுத்தினார். அன்றைக்கே அவரை இணை ஆய்வாளராகச் சேர்க்கத் திருத்த விண்ணப்பம் போட்டேன்.

ஆர்என்ஏலேட்டர் போன்ற திரவத்தில் போடுவதானால் திசுவின் ஒரு பக்கமாவது அரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். பெரிய துண்டாகப் போட்டால் திரவம் நடுவே இறங்காது, உள்ளே அழுகும். திசுவின் அளவைப்போல் ஐந்து மடங்காவது திரவம் வேண்டும். ஓர் இரவு நான்கு டிகிரியில் வைத்து, பிறகு திரவத்தை வடித்து மைனஸ் 80க்கு மாற்றுங்கள். நேராக மைனஸ் 80க்குப் போனால் திரவம் ஊறுவதற்கு முன்பே உறைந்துவிடும்.

துண்டை வெட்டும்போது கண்ணாடி போன்ற மெல்லிய ஒரு பகுதியை நோயியல் ஸ்லைடுக்கும் கொடுங்கள். உங்கள் குழாயில் போனது கட்டிதானா, அதில் எத்தனை சதவீதம் கட்டிச் செல் என்று அந்த ஸ்லைடுதான் சொல்லும். "இயல்பு" என்று எடுத்த திசுவுக்கும் இதே விதி. எங்கள் இயல்புத் திசுக்கள் இரண்டில் பாதிக்குமேல் தசை இருந்தது. அப்படியே சீக்வென்ஸ் செய்திருந்தால் ஏசிடிஏ1, சிகேஎம் போன்ற தசை மரபணுக்கள் "கட்டியில் குறைந்துள்ளன" என்று பட்டியலின் உச்சியில் வந்திருக்கும். மார்பகத்தில் வேலை செய்பவர்களுக்கு இதே கண்ணி கொழுப்புத் திசுவாக வரும்.

7. ஆர்என்ஏ பிரித்தலும் தரமும்

உங்கள் கைவிரலிலேயே ஆர்என்ஏவைத் தின்னும் நொதி இருக்கிறது. கையுறையை அடிக்கடி மாற்றுங்கள், கைப்பேசியைத் தொட்ட கையுறையோடு குழாயைத் தொடாதீர்கள். ட்ரைசால் பயன்படுத்தினால் புகைப்பெட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள், அதில் ஃபீனால் இருக்கிறது. மீதித் திசுவை மஞ்சள் பையில் போடுங்கள்.

ஒளியை வைத்து ஆர்என்ஏவை அளக்கும் நானோட்ராப் கருவியில் 260/280 விகிதம் 2ஐ ஒட்டி வந்துவிட்டால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அது சுத்தத்தைச் சொல்லும், உடைந்திருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு, ஆர்என்ஏ எவ்வளவு முழுசாக இருக்கிறது என்று காட்டும் ஆர்ஐஎன் எண் வேண்டும். 1 முதல் 10 வரை போகும், ஆர்என்ஏவின் வாலைப் பிடித்துப் பிரிக்கும் வழக்கமான பாலி-ஏ முறைக்கு 7க்கு மேல் கேட்பார்கள். திசுவை மெழுகில் பதித்து வைத்த பழைய பாரஃபின் பிளாக்கிலிருந்து எடுத்தால் ஆர்ஐஎன் 2, 3 என்றுதான் வரும். அங்கே டிவி200 என்ற அளவைப் பாருங்கள்: 200 எழுத்துக்கு மேல் நீளமுள்ள துண்டுகள் எத்தனை சதவீதம் என்பது. 30க்குக் கீழே போனால் பணத்தை வீணாக்க வேண்டாம். பிளாக் மாதிரிகளுக்கு பாலி-ஏ முறை ஒத்துவராது, ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கும் முறையைக் கேளுங்கள்.

எல்லாக் கட்டிகளையும் ஒரு வாரம், எல்லா இயல்புத் திசுக்களையும் அடுத்த வாரம் என்று பிரிக்காதீர்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நோயால் வந்ததா, வாரத்தால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஜோடியை ஒரே நாளில் செய்யுங்கள்.

8. சீக்வென்சிங் ஆர்டர்

ஆர்டரில் எழுத்தாக இருக்க வேண்டியவை: மாதிரிக்கு 2 முதல் 3 கோடி ரீட் (படித்த துண்டு), துண்டின் இரு முனைகளிலிருந்தும் படிக்கும் ஜோடி முனை முறை, ஆர்என்ஏவைச் சீக்வென்சிங்குக்குத் தயார்செய்ய எந்த லைப்ரரி கிட், அது துண்டு டிஎன்ஏவின் எந்த இழையிலிருந்து வந்தது என்ற அடையாளத்தைக் காக்கும் வகையா, தரச் சோதனையில் தேறாத மாதிரிக்குப் பணம் உண்டா இல்லையா, மூலக் கோப்பை எத்தனை நாள் வைத்திருப்பார்கள். எங்களுக்கு மூலக் கோப்பு கைக்கு வர ஏழு வாரம் ஆனது. டிரை ஐஸ் பெட்டியை வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள், ஞாயிறு முழுக்கக் கூரியர் கிடங்கில் கிடக்கும்.

அவர்கள் தரும் "பகுப்பாய்வு அறிக்கை"யை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. வண்ணப்படங்கள் நிறைய இருக்கும், உங்கள் ஜோடி அமைப்பைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

9. கணக்கு

ரீட்கள் எந்த இடத்தைச் சேர்ந்தவை என்று பொருத்தும் ஸ்டார் மென்பொருளுக்கு மனித மரபணுத் தொகுதியோடு ஓட 30 ஜிபி நினைவகம் வேண்டும். மடிக்கணினிதான் இருக்கிறது என்றால் சால்மன் என்ற இலகுவான மென்பொருளைப் பயன்படுத்துங்கள், அல்லது கேலக்ஸி என்ற இணைய சர்வரில் இலவசமாக ஓட்டுங்கள். எண்ணிக்கை வந்தபிறகு, கட்டிக்கும் இயல்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட டெசெக்2 அல்லது எட்ஜ்ஆர். இவற்றுக்கு மூல எண்ணிக்கையைத்தான் கொடுக்க வேண்டும். மரபணு நீளத்துக்கும் மொத்த ரீட்களுக்கும் ஏற்பச் சரிக்கட்டிய டிபிஎம், எஃப்பிகேஎம் மதிப்புகளைக் கொடுத்தால் பதில் வரும், ஆனால் தவறான பதில். சூத்திரத்தில் நோயாளி, திசு இரண்டையும் சேருங்கள்.

எண்ணும்போது பொருந்திய ரீட்களில் மிகச் சொற்பமே மரபணுவில் விழுகின்றன என்றால் பதறாதீர்கள். இழைத் திசையைத் தலைகீழாகக் கொடுத்திருப்பீர்கள். கிட்டின் பெயரைப் பார்த்து மாற்றி ஓட்டுங்கள்.

இருபதாயிரம் மரபணுக்களைச் சோதித்தால், எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் பி மதிப்பு 0.05க்குக் கீழே ஆயிரம் வந்து நிற்கும். இத்தனை சோதனைகள் செய்ததற்காகத் திருத்தப்பட்ட பி மதிப்பை மட்டும் பாருங்கள். "இந்த மரபணு கூடினால் நோயாளி சீக்கிரம் இறக்கிறார்" என்ற வரைபடத்திலும் மயங்காதீர்கள். மார்பகப் புற்றுநோயில் கண்மூடித்தனமாகப் பொறுக்கிய மரபணுக் கூட்டங்களே உயிர்பிழைப்போடு தொடர்பு காட்டுகின்றன என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. செல் பெருக்கத்தோடு ஒட்டிக்கொண்ட மரபணுக்கள் அத்தனை ஏராளம்.

அப்புறம் எக்ஸெல். மார்ச்1 என்ற மரபணுவை அது மார்ச் மாதம் முதல் தேதியாக்கிவிடும். மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே சலித்துப்போய் 2020இல் அதை மார்ச்எஃப்1 என்றும், செப்ட்1ஐ செப்டின்1 என்றும் மாற்றியது. பழைய பட்டியல்களில் பழைய பெயர் இன்னும் இருக்கிறது. பெயரை நம்பாமல், என்செம்பிள் தரவுத்தளம் ஒவ்வொரு மரபணுவுக்கும் தரும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

10. சரிபார்ப்பும் பதிவேற்றமும்

நாலைந்து மரபணுக்களை க்யூபிசிஆரில் பாருங்கள், முடிந்தால் சீக்வென்ஸ் செய்யாத நோயாளிகளின் திசுவில். எங்கும் மாறாமல் இருக்கும் என்று நம்பி ஒப்பீட்டுக்கு ஜிஏபிடிஹெச் ஒன்றை மட்டும் வைக்காதீர்கள். சர்க்கரையை எரிக்கும் பாதையில் உள்ள மரபணு அது, கட்டியில் அதுவே கூடும். இரண்டு மூன்று ஒப்பீட்டு மரபணுக்கள் வேண்டும்.

ஆய்விதழ் தரவு எண்ணைக் கேட்கும். ஜியோவில் பதிவேற்றினால் பொதுவாக ஒரு வேலை வாரத்தில் எண் கிடைக்கும், கட்டுரை வரும்வரை மறைத்தும் வைக்கலாம். அரசு நிதி என்றால் 2021இன் பயோடெக் பிரைட் என்ற தரவுப் பகிர்வு நெறிகளின்படி ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்திலும் சேர்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்து பதிவேற்ற உட்கார்ந்தபோதுதான், தரவைப் பிறரோடு பகிர நோயாளிகளின் அனுமதி எங்கள் படிவத்தில் இல்லை என்று தெரிந்தது. மறுபடி குழு, மறுபடி வீடு வீடாகத் தேடிப் போய்க் கையெழுத்து. மூன்று பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், அவர்கள் விஷயத்தில் குழுவே முடிவெடுத்தது. நான்கு மாதம் போனது. பிறகு நாங்கள் சேர்த்த வரி இது, உங்கள் குழு ஏற்றால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "என் பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட பிறகு, என் திசுவிலிருந்து கிடைத்த மரபணுத் தகவலை மற்ற ஆராய்ச்சியாளர்களும் பயன்படுத்தும்படி அரசு அல்லது பன்னாட்டுத் தரவுக் களஞ்சியத்தில் சேர்க்கச் சம்மதிக்கிறேன். ஆம் / இல்லை."